நிலம் நடுங்கினால் வானமும் நடுங்குமா?



பூமியதிர்ச்சி என்றதும் நம் கண்முன் வருபவை வெடித்த சுவரும், சாய்ந்த வீடும், பொங்கிவந்த கடலுந்தான். நம் பார்வை கீழேயே நின்றுவிடுகிறது. ஆனால், மிகப் பெரிய பூமியதிர்ச்சி ஒன்று ஏற்பட்டால், சுமார் பத்து நிமிடங்களில் அதற்கு நேர் மேலே, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஆகாயமும் ஆட்டங்காண்கிறது. நாம் பயணம் செய்யும் விமானங்கள் 10 அல்லது 12 கிலோமீட்டர் உயரத்தில்தான் பறக்கின்றன. அதைப்போல் இருபத்தைந்து மடங்கு உயரத்தில் நடக்கும் சங்கதி இது. யாரோ கட்டிவிட்ட கதை அன்று. கருவிகள் பதிவு செய்து, கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த உண்மை. சுமத்திராவுக்கு எதிரே வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு.

முதலில் அந்த உயரத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அதற்கு அயனி மண்டலம் என்று பெயர். பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் அதன் தயவு இல்லாமல் நம் தாத்தா பாட்டிமார் வானொலி கேட்டிருக்க முடியாது. தோட்டத்து லயங்களில் பாட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, இலங்கை வானொலியையும், அகில இந்திய வானொலியின் வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பையும் சிற்றலையில் பிடித்துக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. கொழும்பிலிருந்து புறப்பட்ட அலை, உருண்டையான பூமியின் வளைவைத் தாண்டி ரஹாங்குக்கு எப்படி வந்து சேர்ந்தது? மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்தது. பாட்டு திடீரென்று தேய்வதும், பிறகு ஓங்குவதுமாக இருக்கும். பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். கம்பியை மாற்றிக் கட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் பெட்டியில் இல்லை. மேலே இருந்த அந்தக் கண்ணாடி ஓரிடத்தில் அசையாமல் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வானத்துக் காற்றணுக்களைத் தாக்கி, அவற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. இப்படி மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த பகுதியே அயனி மண்டலம். தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் தொடங்கி, பல நூறு கிலோமீட்டர் வரை பரந்து கிடக்கிறது. எலெக்ட்ரான்கள் மிகவும் அடர்ந்திருப்பது ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில். 1901ஆம் ஆண்டில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கம்பியில்லாச் செய்தியைப் பெற்றார். மறு ஆண்டே கென்னலி, ஹெவிசைடு என்ற இருவர், மேலே மின்சாரத்தைக் கடத்தும் படலம் ஒன்று இருக்க வேண்டும் என்று தனித்தனியே கூறினர். ஆப்பிள்டன் 1924இல் அதை மெய்ப்பித்துக் காட்டி, 1947இல் நோபல் பரிசும் பெற்றார்.

சரி, நிலத்துக்கும் இந்தப் படலத்துக்கும் என்ன தொடர்பு? இடையில் இருப்பது காற்று. தொடர்பும் அதுவே.

கோயில் திருவிழாவில் தப்பு அடிக்கிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள். தோல் அதிர்கிறது; அதை ஒட்டிய காற்றைத் தள்ளுகிறது; காற்று அடுத்த காற்றைத் தள்ளுகிறது; ஒலி பிறக்கிறது. பூமியதிர்ச்சியில் நிலமே அந்தத் தோல். பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள கடலடித் தரை ஓரிரு நிமிடங்களில் சில மீட்டர் மேலே எழும்பினால், அதன் மேலுள்ள கடல்நீரும் எழும்பும். நீர்ப்பரப்பு காற்றைத் தள்ளும். அந்தத் தள்ளல் ஓர் ஒலி அலைதான். ஆனால் நம் காதுக்கு எட்டாது. விநாடிக்கு 20 தடவைக்கு மேல் அதிர்ந்தால்தான் நம் செவிக்கு ஒலியாகத் தெரியும். இங்கே ஓர் அதிர்வு முடியவே சில நிமிடங்கள் ஆகும். இதைத் தாழ் ஒலி என்று சொல்லிக்கொள்வோம்.

தரைக்கு அருகில் இந்த அலை மிக மிகச் சிறியது. அப்படியிருக்க, 300 கிலோமீட்டர் ஏறிய பிறகு இன்னும் சிறுத்து மறைந்து போக வேண்டும் அல்லவா? நடப்பது அதற்கு நேர்மாறு. மாட்டுவண்டிக்காரரின் சாட்டையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கைப்பிடிப் பக்கம் தடிப்பு, நுனி மெல்லிசு. கையை இலேசாகச் சுண்டினால் போதும். அந்த அசைவு தடித்த பகுதியிலிருந்து மெல்லிய பகுதிக்குப் போகப் போக வேகம் கூடி, நுனியில் "பளீர்" என்று வெடிக்கிறது. அசைவின் சக்தி அதேதான். சுமக்க வேண்டிய கனம் குறைந்துகொண்டே போவதால் வீச்சு பெருகுகிறது. காற்று மண்டலமும் ஒரு சாட்டையே. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 300 கிலோமீட்டர் உயரத்தில் அதன் அடர்த்தி, தரையில் உள்ளதில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குதான். ஆகவே கீழே சில மில்லிமீட்டர் அசைவாகத் தொடங்கியது, அங்கே பல பத்து மீட்டர் ஏற்ற இறக்கமாக விரிந்துவிடுகிறது.

எல்லா அலைகளுக்கும் இந்த யோகம் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேகமாகத் துடிக்கும் அலைகளை மேல்வானக் காற்று வழியிலேயே விழுங்கிவிடுகிறது. இடி மின்னல் ஓசையெல்லாம் அங்கே போய்ச் சேராததற்கு அதுவே காரணம். நிதானமாக அசையும் அலைகளே மேலே தப்பிச் செல்கின்றன. அவற்றிலும் ஏறத்தாழ நான்கு நிமிடத்திற்கு ஒரு முறை அசையும் அலைகளுக்குத் தனிச் சலுகை. தரைக்கும் மேல்வானத்துக்கும் இடையே உள்ள காற்று, புல்லாங்குழலில் அடைபட்ட காற்றைப்போல், தனக்கென்று ஒரு சுருதி வைத்திருக்கிறது. அந்தச் சுருதி இதுதான்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், "அப்படியானால் நடுவில் பறக்கும் விமானம் ஆடாதா, ஐயா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. விமானம் பறக்கும் உயரத்தில் காற்று இன்னும் போதிய கனமாகவே இருக்கிறது, அலை பெருக்கவில்லை. அதுவும் நிமிடக் கணக்கில் மெல்ல அசைகிற அசைவு. விமானத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

இடியோசையைக் கொண்டு மின்னலின் தூரத்தை அளக்கும் கணக்கை நம் பிள்ளைகள் அறிவார்கள்: ஒரு கிலோமீட்டருக்கு மூன்று விநாடி. அதே கணக்குப்படி 300 கிலோமீட்டர் ஏற ஒலிக்குக் கிட்டத்தட்ட 15 நிமிடம் வேண்டும். ஆனால் மேல்வானம் கடுமையான வெப்பம் கொண்டது. வெப்பம் மிகுந்த காற்றில் ஒலி விரைந்து ஓடும். அங்கே அதன் வேகம் விநாடிக்கு 800 மீட்டருக்கும் மேலாகிவிடுகிறது. ஆகவேதான் எட்டு முதல் பத்து நிமிடங்களில் அலை அயனி மண்டலத்தைத் தொட்டுவிடுகிறது.

காற்றுக்கு இவ்வளவு பெரிய அதிர்ச்சியைத் தாங்கிச் செல்லும் ஆற்றல் உண்டு என்பதை உலகம் முதலில் அறிந்ததும் நம் அண்டை வீட்டிலிருந்துதான். 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் தேதி, ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையே கிரக்காத்தோவா எரிமலை வெடித்தது. 4,800 கிலோமீட்டருக்கு அப்பால், இந்துமாக் கடலின் ரொட்ரீகஸ் தீவில் அது பீரங்கி முழக்கம்போல் கேட்டது. அதன் காற்றழுத்த அலை பூமியைப் பலமுறை சுற்றி வந்ததை உலகெங்கும் இருந்த காற்றழுத்தமானிகள் குறித்து வைத்தன. அதற்கு இணையான ஒன்றை 2022 ஜனவரி 15ஆம் தேதி தோங்கா நாட்டுக் கடலடி எரிமலை நமக்குக் காட்டியது. அவை எரிமலைகள்; நேரே காற்றில் வெடித்தவை. பூமியதிர்ச்சி மூடிய பானைக்குள் நடப்பது. அதன் ஓசை வானத்துக்கு ஏறும் என்று நிலைநாட்ட இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

அந்த வாய்ப்பு 1964 மார்ச்சில், அலாஸ்காவில் 9.2 அளவுள்ள பூமியதிர்ச்சி தாக்கியபோது வந்தது. சுமார் 3,000 கிலோமீட்டர் தொலைவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்துக் காற்றழுத்தமானி முதலில் ஒரு சிறு துடிப்பைக் காட்டியது. அது நில அலை அங்கே வந்து சேர்ந்த நேரம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கழித்து, காற்றின் வழியே நடந்துவந்த அலையும் வந்து சேர்ந்தது. அதே வேளையில், அயனி மண்டலத்தை ஆராய்வதற்காக மேல்நோக்கி வானொலி அலைகளை அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்க நிலையங்கள் ஒரு விந்தையைக் கண்டன. சிரம்பான் இரயில் நிலையத்தில் நிற்கும்போது, ஊதிக்கொண்டே வரும் இரயிலின் ஓசை கூர்மையாகவும், நம்மைக் கடந்து போகும்போது மந்தமாகவும் கேட்கும். திரும்பிவந்த வானொலி அலைகளிலும் அதே மாற்றம் தெரிந்தது. மேலே பிரதிபலிக்கும் படலம் ஏறி இறங்குகிறது என்பது இதற்குப் பொருள். கீழே நிலம் குலுங்கியதற்கு மேலே வானம் பதில் கொடுத்ததை மனிதன் கருவியில் கண்டது அப்போதுதான்.

இனி நம் கதைக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் காலை 8 மணி 58 நிமிடம். சுமத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் பூமி பிளந்தது. பிளவு ஓரிடத்தில் நிற்கவில்லை. துணி கிழிவதுபோல் வடக்கே அந்தமான் தீவுகள் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்கச் சுமார் பத்து நிமிடம் ஆயிற்று. தொடங்கிய இடத்திலிருந்து சிரம்பான் ஏறத்தாழ 660 கிலோமீட்டர். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தரைத்தளத்தில் இருந்ததால் எதையும் உணரவில்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உயர்ந்த மாடிகளில் இருந்தவர்கள், தொங்கும் விளக்குகள் ஆடுவதைக் கண்டு படியிறங்கி ஓடினார்கள். மலாயாத் தீபகற்பமே அன்று மேற்கு நோக்கிச் சற்று இழுக்கப்பட்டது. லங்காவித் தீவு 17 செண்டிமீட்டர் நகர்ந்ததாகச் செயற்கைக்கோள் அளவைகள் பின்னர் காட்டின.

கீழே நடந்தது இது. மேலே?

ஆகாயத்தில் அன்று மூன்று விதமான அலைகள் ஏறின. முதலாவது, பிளவுக்கு நேர் மேலே கிளம்பிய ஒலி அலை. அது பத்து நிமிடம் போல் அயனி மண்டலத்தை எட்டி, பிறகு பக்கவாட்டில் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் பரவியது. இரண்டாவது, நிலத்தின் மேற்பரப்பில் ஓடும் ராலே அலையால் வந்தது. விநாடிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடும் இந்த நில அலை, போகும் வழியெல்லாம் தன் தலைக்கு மேலுள்ள காற்றைத் தட்டிக்கொண்டே போகும். கணக்குப் போட்டால், நம் சிரம்பானுக்கு அது சுமார் மூன்று நிமிடத்தில் வந்திருக்கும். இங்கிருந்து ஏறிய ஒலி, அடுத்த பத்து நிமிடத்தில் நமக்கு நேர் மேலே உள்ள அயனி மண்டலத்தை அடைந்திருக்கும். மூன்றாவது அலையைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பேச்சின் முக்கியப் பகுதி அதுதான்.

இவற்றை எப்படிக் கண்டார்கள்? சிற்றலை நிலையங்களை வைத்துக்கொண்டு அல்ல. இன்று செம்பனை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்கூடக் கைப்பேசியில் வழி பார்க்கிறாரே, அந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களை வைத்துத்தான். அவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரண்டு வெவ்வேறு அலைவரிசைகளில் செய்தி அனுப்புகின்றன. அயனி மண்டலத்தைக் கடக்கும்போது இரண்டும் ஒரே அளவில் தாமதப்படுவதில்லை. அந்த வித்தியாசத்தை அளந்தால், வழியில் எத்தனை எலெக்ட்ரான்கள் இருந்தன என்று கணக்கிட்டுவிடலாம். நில அளவைக்காரர்களுக்கு இந்தத் தாமதம் பெருந்தொல்லை. கழித்துத் தள்ள வேண்டிய பிழை. வான ஆய்வாளர்களுக்கோ அதுவே பொக்கிஷம். ஒருவர் வீசியெறிந்ததை இன்னொருவர் பொறுக்கியெடுத்த கதைதான் இந்த விஞ்ஞானத்தின் பாதி.

இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் இருந்த ஜி.பி.எஸ். நிலையங்களின் பதிவுகளை ஜப்பானின் கோசுக்கே ஹெக்கியும் அவருடைய குழுவினரும் எடுத்து ஆராய்ந்தார்கள். டிசம்பர் 26ஆம் தேதிக் காலையில் எலெக்ட்ரான் எண்ணிக்கை ஏறி இறங்கியது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. அலை ஓரிடத்திலிருந்து கிளம்பியதாக வைத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவரவில்லை. பிளவின் நெடுகிலும், தெற்கிலிருந்து வடக்காக, ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களிலிருந்து கிளம்பியதாக வைத்தபோதே பொருந்தியது. கடலுக்கு அடியில் நடந்த கிழிசலின் வரிசையை 300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து படித்துவிட்டார்கள்!

தாய்லாந்தின் பிமாயில் உள்ள காந்தமானியும் ஒன்றைப் பதிவு செய்திருந்தது. பூமியதிர்ச்சிக்குப் பன்னிரண்டு நிமிடம் போலக் கழித்து, பூமியின் காந்தப்புலம் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட கால அளவில் மெல்ல ஊசலாடியது. சற்று முன் சொன்னேனே, காற்று மண்டலத்தின் சொந்தச் சுருதி, கிட்டத்தட்ட அதே தாளம். சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் மின்னூட்டமுள்ள காற்று ஏறி இறங்கும்போது, அங்கே ஓடும் மின்னோட்டமும் கூடிக் குறைகிறது. அதன் நிழல் தரையில் உள்ள காந்த ஊசியில் விழுகிறது.

இப்போது மூன்றாவது அலை. அது சுனாமி எழுப்பிய அலை.

நடுக்கடலில் சுனாமியின் உயரம் அரை மீட்டர், மிஞ்சினால் ஒரு மீட்டர். கப்பலில் இருப்பவனுக்குத் தெரியாது. ஆனால் அதன் நீளம் பல நூறு கிலோமீட்டர். வேகம் ஜெட் விமானத்தின் வேகம். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு ஏறி இறங்கும்போது அதன் மேலுள்ள காற்றும் ஏறி இறங்குகிறது. இது ஒலி அலை அன்று. கனமான காற்று மேலே தள்ளப்பட்டுத் தன் எடையால் மீண்டும் கீழே வரும் ஊசல். ஈர்ப்பால் நடப்பதால் ஈர்ப்பு அலை என்கிறார்கள். இது சாய்வாகவும் மெதுவாகவும் ஏறும். அயனி மண்டலத்தைத் தொட முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பிறகு கடலில் சுனாமி எங்கே போகிறதோ, அங்கெல்லாம் ஆகாயத்தில் அதன் நிழலும் கூடவே போகும். இப்படி நடக்கக்கூடும் என்று காலின் ஹைன்ஸ் என்பவர் 1972இலேயே எழுதினார். 2001 ஜூன் 23ஆம் தேதி பெரு நாட்டில் உண்டான சுனாமி பசிபிக்கைத் தாண்டி ஜப்பானை அடைந்தபோது, அங்கிருந்த ஜி.பி.எஸ். வலை அதன் வான நிழலைப் பிடித்தது.

2004இல் இன்னும் அருமையான தற்செயல் ஒன்று நேர்ந்தது. ஜேசன்-1, டோபெக்ஸ் பொசைடன் என்ற இரு செயற்கைக்கோள்கள் அப்போது கடல் மட்டத்தை ரேடாரால் அளந்து வந்தவை. பூமியதிர்ச்சி நடந்து இரண்டு மணி நேரம் போல் ஆனபோது அவை இந்துமாக் கடலின்மேல் பறந்தன. சுனாமியின் உயரத்தையும் அளந்தன. அதே ரேடார், இடைப்பட்ட அயனி மண்டலத்தின் எலெக்ட்ரான்களையும் அளந்தது. கடலில் அலை, அதற்கு மேலே ஆகாயத்திலும் அலை. இரண்டையும் கணிதத்தால் இணைத்துப் பார்த்தபோது பொருந்தின.

பொருந்தி என்ன பயன்? அன்று அந்தப் பதிவுகள் எல்லாம் செயற்கைக்கோளின் நினைவிலும் நிலையங்களின் கணினிகளிலும் உறங்கின. அவற்றை எடுத்துப் பார்க்க நாட்களும் மாதங்களும் ஆயின. கடலோ காத்திருக்கவில்லை. நாகப்பட்டினம் கரைக்குச் சுனாமி வந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நம் பினாங்குக்கும் கெடாவுக்கும் வர நான்கு மணி நேரம் ஆயிற்று. நான்கு மணி நேரம்! இங்கிருந்து பினாங்குக்குக் காரில் போய்ச் சேரும் நேரம். அத்தனை அவகாசம் இருந்தும், ஞாயிற்றுக்கிழமை மதியம் கடற்கரையில் உல்லாசமாக இருந்தவர்களிடம் சொல்ல யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். அவர்களில் 52 பேர் பினாங்கில். தமிழ்நாட்டில் மாண்டவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். இலங்கையில் 30,000க்கும் மேல். எல்லா நாடுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 230,000 உயிர்கள். நம்மில் பலருக்கு அந்தக் கரைகளில் உறவினர் உண்டு.

அதன்பின் 2005இல் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பில் தேசியச் சுனாமி எச்சரிக்கை முறை ஏற்பட்டது. இந்தியாவில் ஹைதராபாத்தில் 2007இல் எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. இவை நம்புவது நில அதிர்வு மானிகளையும், கடலில் உள்ள அழுத்தக் கருவிகளையும், கரையோரக் கடல்மட்ட அளவிகளையும். இவற்றிலும் ஒரு சங்கடம் உண்டு. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் பூமி அதிர்ந்தது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது, மக்கள் கரையை விட்டு விலகினர். ஆனால் அந்த முறை கடலடித் தரை மேலே எழும்பாமல் பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவியது. பெரிய சுனாமி வரவில்லை. பூமியதிர்ச்சியின் அளவு மட்டும் கடலின் எண்ணத்தைச் சொல்லிவிடாது. நடுக்கடலில் மிதவைக் கருவிகள் குறைவு. பராமரிக்கச் செலவும் அதிகம். ஆகாயத்தில் தெரியும் நிழலோ, கடற்பரப்பு உண்மையில் எவ்வளவு எழும்பியது என்பதற்கு நேரடிச் சாட்சி. மிதவை இல்லாத இடத்திலும் அது தெரியும்.

2011 மார்ச் 11இல் ஜப்பானின் பெரும் பூமியதிர்ச்சியின்போது இது கண்ணுக்குத் தெரியும்படி நடந்தது. குளத்தில் கல் எறிந்தால் விரியும் வட்டங்களைப்போல் அயனி மண்டலத்தில் வட்டங்கள் விரிந்ததை, அந்நாட்டின் சுமார் 1,200 ஜி.பி.எஸ். நிலையங்கள் படமாகவே வரைந்துவிட்டன. பூமியதிர்ச்சி நடந்து ஏழு நிமிடம் போல் ஆனபோதே முதல் அசைவு தெரிந்தது. ஹவாயின் மலையுச்சி ஒன்றில் இருந்த ஒரு கேமரா, மேல்வானத்தின் மங்கிய செவ்வொளியில் ஓர் அலை நகர்வதைப் பிடித்தது. சுனாமி அங்கே வருவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பே அது தெரிந்தது!

இன்று அந்தப் பதிவுகள் உறங்கிக் கிடப்பதில்லை. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் "கார்டியன்" என்ற முறையை அமைத்து, பல நாடுகளில் உள்ள நிலையங்களின் பதிவுகளை உடனுக்குடன் வாங்கிப் பார்க்கிறது. 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சாத்காவில் 8.8 அளவில் பூமி அதிர்ந்தபோது, சுனாமி ஹவாயை அடைய அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே அதன் வான நிழலை இம்முறை கண்டுகொண்டது.

இதன் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆச்சேயின் கரையோர மக்களுக்குச் சுனாமி அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. ஆகாயம் பேசத் தொடங்கும் முன்பே கடல் வந்து முடித்துவிட்டது. அவர்களுக்குத் தரையின் நடுக்கமே எச்சரிக்கை. வேறு எதற்கும் காத்திருக்கக் கூடாது. ஆனால் இரண்டரை மணி நேரமும், நான்கு மணி நேரமும் அவகாசம் உள்ள நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இந்த முறை நிச்சயம் உதவக்கூடியது.

நம் பகுதியில் இன்னொரு தொல்லையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென் தாய்லாந்தைத் தொட்டும், தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டியும் செல்கிறது. எலெக்ட்ரான்கள் தண்டவாளத்தில் ஓடும் இரயிலைப் போன்றவை. காந்தக் கோடுகளின் வழியே இலகுவாக ஓடும், குறுக்கே போகத் தயங்கும். எனவே காற்று ஒரே மாதிரி அசைந்தாலும், எலெக்ட்ரான்களின் அசைவு ஒரு திசையில் பலமாகவும் இன்னொரு திசையில் மெலிவாகவும் தெரியும். அதோடு, நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம் பொழுது சாய்ந்த பிறகு தானாகவே குழம்பும். கொதிக்கும் கஞ்சியில் குமிழிகள் எழுவதுபோல் எலெக்ட்ரான் குறைந்த பகுதிகள் மேலே எழும்பும். சூரியப் புயல் வந்தாலோ கேட்க வேண்டியதில்லை. 2004இல் பூமியதிர்ச்சி நேர்ந்தது காலை வேளை. ஆகவே பதிவு தெளிவாக இருந்தது. முன்னிரவில் நேர்ந்திருந்தால் அடையாளம் காண்பது கடினமாகியிருக்கும்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் கேள்வி: வானத்தைப் பார்த்துப் பூமியதிர்ச்சியை முன்கூட்டியே சொல்ல முடியுமா? 2011 ஜப்பான் பூமியதிர்ச்சிக்கு 40 நிமிடம் முன்பே எலெக்ட்ரான் எண்ணிக்கை கூடியதாக ஹெக்கியே எழுதினார். அதே பதிவுகளை ஆராய்ந்த வேறு சிலர், அது கோடு போட்டுப் பார்த்த விதத்தால் வந்த தோற்றம் என்று மறுத்தார்கள். இதற்காகவே பிரான்சு நாட்டினர் அனுப்பிய டெமெட்டர் என்ற செயற்கைக்கோள் 2004 முதல் 2010 வரை சுற்றியது. அதன் பதிவுகளும் வழக்கைத் தீர்த்து வைக்கவில்லை. முன்னறிவிப்பு இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. மேகத்தின் வடிவத்தைப் படம் பிடித்து, "நாளை பூமி அதிரும்" என்று கைப்பேசியில் சுற்றுக்கு விடுகிறார்களே, அதற்கும் நான் இதுவரை சொன்னவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேகங்கள் பெரும்பாலும் 15 கிலோமீட்டருக்குள் இருப்பவை; நாம் பேசியது 300 கிலோமீட்டர் உயரத்தை. நாம் பேசியது அதிர்ச்சிக்குப் பின் வருவதை. அவர்கள் சொல்வது முன் வருவதை.

2025 ஆகஸ்டு 24ஆம் தேதி விடியற்காலையில் ஜொகூரின் சிகாமட் அருகே 4.1 அளவில் நிலம் நடுங்கியது. நெகிரி செம்பிலானிலும் பலர் உணர்ந்தார்கள். அதன் பிறகு, "நம் தலைக்கு மேலேயும் வானம் ஆடியிருக்குமா?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டார்கள். இல்லை. கருவிகளுக்குத் தெரியும்படி அயனி மண்டலம் அசைய, பொதுவாக ஆறரை அளவுக்கு மேற்பட்ட அதிர்ச்சி வேண்டும். அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகும். அந்தக் கணக்கில் 2004ஆம் ஆண்டின் பூமியதிர்ச்சி சிகாமட்டில் நடந்ததைப்போல் மூன்று கோடி மடங்குக்கும் மேற்பட்டது. சிகாமட்டின் நடுக்கம் வீட்டுப் பாத்திரங்களோடு நின்றுவிட்டது.